புல்தரையில் பூசண நோய்: அடையாளமும் பரிகாரமும்

பள்ளிக்கரணையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முன்பு நெல் விளைந்த கழனிகள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. வரப்பு இருந்த இடத்தில் மதிற்சுவர் நிற்கிறது. நாற்றங்கால் இருந்த இடத்தில் வாசற்படி இருக்கிறது. எனினும், மண்ணோடு பழகியவர்களுக்குக் கண்ணெதிரே பச்சை இல்லாமல் பொழுது விடிவதில்லை. ஆகவே நம் அங்கத்தினர் பலர் வீட்டின் முன்புறத்தில் அரை சென்ட், ஒரு சென்ட் அளவில் புல்தரை அமைத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் அப்புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. உடனே, "எந்த மருந்தை அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இது நோய்தானா? நோயாயின், எந்த நோய்?" என்பதே அது. இதைக் கேளாமல் மருந்து தெளித்து ஏமாந்தவர்களில் நாமும் அடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் புல்தரையில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் திட்டு ஒன்று தோன்றியது. கடையில் கொடுத்த பூசணக்கொல்லியை வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளித்தோம். திட்டு மாறவில்லை. நான்காவது வாரம் கடப்பாரையால் குத்திப் பார்த்தபோது, நான்கு விரற்கடை ஆழத்தில் சிமெண்டுச் சாந்துக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வீடு கட்டிய காலத்தில் மண்ணோடு மண்ணாக மூடப்பட்ட கட்டி அது. வேர் இறங்க வழியில்லாமல் புல் காய்ந்திருந்தது. மருந்துக்குக் கொடுத்த பணம் வீணாயிற்று. தெளித்த மருந்தில் ஒரு பகுதி மழைநீரோடு வடிகாலில் இறங்கிச் சதுப்பு நிலத்துக்கும் போயிருக்கும். இந்த இரண்டாவது நஷ்டத்தை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பூசணம் வாழும் வகை

பூசணம் இன்னதென்று நெசவாள அன்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டு, நன்கு உலருமுன் சுருட்டி, மழைக் காலத்தில் காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் சில நாட்களில் நூலில் பூசணம் பூத்துவிடும். அதே பாவை வெயிலில் நன்றாக உலர்த்தி வைத்தால் ஒன்றும் நேர்வதில்லை. இரண்டிலும் நூல் ஒன்றே, கஞ்சி ஒன்றே. வேறுபாடு ஈரத்தில்தான் இருக்கிறது.

பூசணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் பறந்துகொண்டிருக்கின்றன. மண்ணிலும் சருகிலும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிப்பது எவராலும் இயலாது. ஆனால் வித்து மட்டும் இருந்தால் நோய் உண்டாகிவிடாது. அது தொற்றுவதற்கு ஏற்ற பயிர் வேண்டும். இலையின்மேல் பல மணி நேரம் ஈரம் தங்க வேண்டும். அதற்கேற்ற வெப்பமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நோய் வலுக்காது. வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. இலையில் ஈரம் தங்கும் நேரத்தைப் பெரிதும் குறைக்க முடியும். புல்தரை வைத்தியம் முழுவதற்கும் இதுவே அடிப்படை.

நெல்லும் புல்லும் ஒரே குலம்

தாவர சாஸ்திரப்படி நெல், கரும்பு, கேழ்வரகு, அறுகு யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றைத் தாக்கும் நோய்களுக்குள்ளும் உறவு உண்டு. நெற்பயிரில் இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா என்னும் பூசணமே புல்தரையில் பழுப்புத் திட்டுகளையும் உண்டாக்குகிறது. நெல்லின் குலைநோய்க்குக் காரணமான பைரிகுலேரியா என்னும் பூசணத்தின் இனமே அகன்ற இலையுடைய பஃபலோ புல்லில் சாம்பல் புள்ளியாக வருகிறது.

குலைநோய் நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது 1913-இல், தஞ்சைப் பகுதியில். 1919-இல் அது காவிரிப் படுகையில் பெருஞ்சேதம் விளைத்தது. அந்நாளில் அதற்கு நம்பகமான தெளிப்பு மருந்து கிடையாது. கோயமுத்தூரில் 1912-இல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நோயைத் தாங்கும் இரகங்களைத் தேர்ந்தெடுத்தனர். கோ 4 அவற்றுள் பெயர் பெற்றது. இரகத் தேர்வு, அளவான தழைச்சத்து, வயல் பராமரிப்பு ஆகியவற்றைக் கொண்டே குடியானவர்கள் அந்நோயைச் சமாளித்தார்கள். கழனியில் கற்ற அப்பாடம் வீட்டு வாசலுக்கும் பொருந்தும்.

நோய்களின் அடையாளம்

பழுப்புத் திட்டு: ஒரு சாண் முதல் இரண்டு மூன்று அடி அகலம் வரை வட்டமாகப் பரவும். விடியற்காலையில் பனி உலருமுன் பார்த்தால் திட்டின் ஓரத்தில் கருஞ்சாம்பல் நிற வளையம் சில சமயம் தெரியும். இலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் அடியில் அழுகிச் சுலபமாகக் கையோடு வந்துவிடும். அடைமழைக் காலத்திலும், தழைச்சத்து மிகுந்து தளதளவென்று வளர்ந்த புல்லிலும் இது அதிகம்.

சாம்பல் புள்ளி: இலையின்மேல் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கரும்பழுப்பும் கொண்ட நீள்புள்ளிகள் தோன்றும். பல புள்ளிகள் தறியில் ஓடும் நாடாவைப் போல இரு முனையும் கூம்பியிருக்கும். குலைநோய் கண்ட நெல்லிலையைப் பார்த்தவர்கள் இதனை உடனே இனங்கண்டுகொள்வார்கள். பஃபலோ புல்லுக்கு நிழலும் யூரியாவும் அதிகமானால் இது வரும்.

காசுப் புள்ளி: பழைய வெள்ளி ரூபாய் அளவில் வைக்கோல் நிறத் திட்டுகள் தனித்தனியே தோன்றிப் பின்னர் ஒன்றுசேரும். காலைப் பனியில் சிலந்தி வலைபோன்ற வெண்ணிழைகள் அவற்றின்மேல் படர்ந்திருக்கும். இலையில் உடுக்கையைப் போல இடை சிறுத்த வெளிர்ப் புள்ளிகள் காணப்படும். முன் சொன்ன இரண்டுக்கும் மாறாக, உரம் போதாமல் மெலிந்த புல்லையே இது பெரும்பாலும் பற்றுகிறது.

துரு நோய்: புல்லில் நடந்து வந்தால் செருப்பிலும் காலிலும் செம்மஞ்சள் பொடி ஒட்டும். வெள்ளைத் துணியால் இலையைத் துடைத்தால் துணியில் கறை ஏறும். நிழலிலும் வளர்ச்சி மந்தமான புல்லிலும் தோன்றும்.

அடியழுகல்: நீர் தேங்கிய தாழ்வான இடத்தில் புல் எண்ணெய் பட்டதுபோலக் கறுத்து, வழுவழுத்து, ஓரிரு நாளில் சாய்ந்துவிடும். நாற்றங்காலில் நாற்றழுகலைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. நீர் ஓடிய வழியே நோயும் நீளவாக்கில் பரவும்.

காளான் வளையம்: மழைக்குப் பின் வட்ட வரிசையில் காளான்கள் முளைக்கும். மண்ணுக்குள் மட்கும் மரத்துண்டு, வேர், சருகு ஆகியவையே காரணம். காளானைப் பிடுங்கி எறிந்து, புதைந்த மரத்துண்டைத் தோண்டி எடுப்பதே பரிகாரம். அக்காளானை எக்காரணங்கொண்டும் உண்ணலாகாது. பிள்ளைகளையும் தொடவிடக் கூடாது.

நோய்போலத் தோன்றுபவை

புல்லின்மேல் சாம்பலைத் தூவியதுபோல மழைக்குப் பின் படியும் ஒருவகைப் பொடி தீங்கற்றது. நீரைப் பீய்ச்சினால் கழுவிக்கொண்டு போய்விடும். நடுவில் காய்ந்து, சுற்றிலும் கரும்பச்சையாகச் செழித்த சிறு வட்டம் பெரும்பாலும் நாய் சிறுநீர் கழித்த இடம். பாயைச் சுருட்டுவதுபோல் புல் வேரோடு உரிந்து வந்தால் வெண்ணிற வேர்ப்புழு இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். வெட்டிய மறுநாள் நுனிகளெல்லாம் வெளுத்துக் கிழிந்திருந்தால் கத்தி மழுங்கியிருக்கிறதென்று பொருள். யூரியாவைக் கையால் வீசியபோது குவிந்து விழுந்த இடம் கருகிப்போகும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் நுனியிலிருந்து புல்லைக் காயவைக்கும். இவற்றுள் எதற்கும் பூசண மருந்து பயன்படாது.

ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நோய் கண்ட இலையில் நிறம் வேறுபட்ட ஓரமுடைய புள்ளி பெரும்பாலும் இருக்கும். திட்டு நாளுக்கு நாள் பெருகும். வெயில், உப்பு, இடிபாடு ஆகியவற்றால் காய்ந்த புல் ஒரு சீராக வெளுக்கும். திட்டின் எல்லை அவ்வளவாக நகராது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, சூரியன் ஏறுமுன் திட்டின் நடுவை விட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது செத்த புல். நோய் உயிரோடிருப்பது ஓரத்தில்தான். இரண்டாவது, திட்டின் எல்லையில் நான்கு குச்சிகளை நட்டு நான்கு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். திட்டு குச்சியைத் தாண்டினால் நோய் பரவுகிறது. தாண்டாவிடில் அவசரப்பட வேண்டியதில்லை. மூன்றாவது, கம்பியால் குத்தி அடியில் கல்லும் கட்டியும் உள்ளனவா என்று அறிய வேண்டும். நான்காவது, ஓரத்துப் புல்லில் ஒரு பிடியைப் பறித்து, நனைத்துப் பிழிந்த தாளோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைக்க வேண்டும். புள்ளிகளைச் சுற்றிப் பஞ்சுபோன்ற இழை கிளம்பினால் பூசணமாக இருக்கலாம். செத்த புல்லிலும் வேறு பூசணங்கள் வளருமாதலால், இந்த நான்காவது சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. ஐயம் நீங்காவிடில், வேரோடும் மண்ணோடும் ஒரு சாண் அளவு பெயர்த்தெடுத்து வேளாண்மை அலுவலரிடம் காட்டுவது நலம்.

பரிகாரம்: முதலில் செய்ய வேண்டியவை

நீர்: மாலையில் நீர் பாய்ச்சும் வழக்கத்தை அறவே விட வேண்டும். மாலையில் நனைந்த புல் விடியும்வரை உலர்வதில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமே பூசணத்துக்கு வாய்ப்பு. விடியற்காலையில் பாய்ச்சினால் வெயில் ஏறியதும் இலை உலர்ந்துவிடும். தினமும் சிறிது தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு முறை வேர் நனையப் பாய்ச்சுவது மேல். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர், பொதுவான கணக்கு. கோடையில் சற்றுக் கூடலாம். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

வடிகால்: மனையை உயர்த்தக் கொட்டிய மண் இறுகி, அடியிலுள்ள களிமண் நீரை உறிஞ்சாமல் இருப்பது இப்பகுதியில் பொதுவாகக் காணும் குறை. மழைக்கு முன், புரட்டாசியிலேயே, முள்கருவியால் ஒரு சாண் இடைவெளியில் குத்தித் துளையிட்டு, சலித்த மணலும் மட்கிய எருவும் கலந்து தூவ வேண்டும். பள்ளத்தை மேடாக்கி நீர் வழிந்தோடச் சரிவு அமைப்பது எம்மருந்திலும் சிறந்தது.

வெட்டு: ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. அறுகை ஒன்று ஒன்றரை அங்குலத்திலும், பஃபலோ புல்லை இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமலும் வைத்திருக்கலாம். ஈரமாயிருக்கும்போது வெட்டலாகாது. நோயுள்ள பகுதியைக் கடைசியில் வெட்டி, கத்தியைக் கழுவித் துடைத்து, வெட்டிய புல்லை அப்புறப்படுத்த வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் சருகு மெத்தைபோல் படிந்திருந்தால் அதனை வாரி எடுத்துவிட வேண்டும்.

உரம்: பழுப்புத் திட்டோ சாம்பல் புள்ளியோ கண்டால் யூரியாவை நிறுத்த வேண்டும். புல் வாடுகிறதே என்று மேலும் உரமிடுவது, நோய்க்கு விருந்து வைப்பதாகும். காசுப் புள்ளிக்கும் துருவுக்கும் இதன் மறுதலை: ஒரு சென்டுக்கு 200 கிராம் யூரியாவைச் சீராகத் தூவி உடனே நீர் பாய்ச்சினால், புல் துளிர்த்து நோயைத் தானே தாண்டிவிடும். நோயின் பெயரை முதலில் அறிய வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

நிழல்: மாமரத்தடியிலும் இரண்டு சுவர்களுக்கிடையிலும் அறுகு பிழைக்காது. தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் புகச் செய்யலாம். அதற்கு வழியில்லாத இடத்தில் புல்லை விட்டு நிழல் தாங்கும் வேறு செடியை வைப்பதே விவேகம்.

நுண்ணுயிர்களின் துணை

பூசணத்தை எதிர்த்து நிற்கும் நல்ல நுண்ணுயிர்களும் உண்டு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவும் டிரைகோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணமும் பொடியாகக் கிடைக்கின்றன. நெல் பயிரிடும் அன்பர்கள் விதைநேர்த்திக்கு இவற்றைப் பயன்படுத்துவதுண்டு. வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ என்னும் கணக்கின்படி ஒரு சென்டுக்குப் பத்து கிராம் போதும். அப்பொடியை இரண்டு கிலோ சலித்த மட்கு எருவில் கலந்து, மாலை வேளையில் ஈரமண்ணின்மேல் சீராகத் தூவ வேண்டும். இலைமேல் தெளிப்பதாயின், சூடோமோனாஸ் பொடியை ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு கிராம் வீதம் கலந்துகொள்ளலாம்.

இவை உயிருள்ளவை. காலாவதியான பொட்டலத்தில் பயனில்லை. வெயிலில் வைத்த பொட்டலத்திலும் பயனில்லை. நோய் முற்றியபின் இடுவதைவிட மழைக்கு முன்னரே இடுவது பலன் தரும். ஒரு குடும்பத்துக்குப் பத்து கிராம் தேவைப்பட, கடையில் ஒரு கிலோ பொட்டலம் வாங்க நேரிடுகிறது. ஆகவே தெருவிலுள்ள அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கி, புதிதாக இருக்கும்போதே பங்கிட்டுக்கொள்வது சிக்கனம். கூட்டுறவின் பயனுக்கு இச்சிறு காரியமும் ஒரு சான்றாகும்.

இரசாயன மருந்து கடைசியில்

மேற்கூறியவற்றைச் செய்த பின்னும் இரண்டு வாரத்தில் திட்டு குச்சிகளைத் தாண்டிப் பரவினால், வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி பூசணக்கொல்லி தெளிக்கலாம். அதையும் திட்டின்மேலும் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கும் தெளித்தால் போதும்; தரை முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். சீட்டில் குறித்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. கையுறையும் முகமறைப்பும் அவசியம்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைச் சிலர் விரும்புகிறார்கள். பிரான்சு தேசத்தில் திராட்சைக் கொடியைக் காக்க மில்லார்டே என்பவர் 1885-இல் வெளியிட்ட இக்கலவை உலகப் புகழ் பெற்றது. தென்னைக்கும் பாக்குக்கும் இன்றும் பயன்படுகிறது. பாவுக் கஞ்சி கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் முறையை நெசவாளரும் அறிவர். ஆயினும் புல்தரைக்கு இதனை நாம் சிபாரிசு செய்யோம். தாமிரம் இளம்புல்லைக் கருக்கும்; மண்ணில் மட்காமல் சேர்ந்துகொண்டே போகும்; நீரில் கலந்தால் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. மருந்து தெளித்த தரையிலிருந்து பறித்த அறுகைப் பிள்ளையாருக்குச் சாத்தவோ, சாறு பிழிந்து அருந்தவோ, பசுவுக்கும் ஆட்டுக்கும் போடவோ கூடாது. மழை வரும் அறிகுறி இருக்கும் நாளில் தெளிக்கலாகாது. தெளிப்பானைக் கழுவிய நீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றலாகாது.

செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. நம் தெரு வடிகாலும் அந்த வழியையே சேர்ந்தது. குப்பையும் கழிவும் கட்டடங்களும் நெருக்கிய பின்னும் பறவைகள் நாடி வரும் இச்சதுப்பு நிலம், 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. ஒரு சென்ட் புல்லுக்காகத் தெளிக்கும் மருந்து மிகச் சிறிது. ஆயிரம் வீட்டார் தெளித்தால் அது சிறிதன்று.

வெள்ளம் வடிந்த பின்

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் இப்பகுதியில் வெள்ளம் தேங்கியதை எவரும் மறந்திரார். வெள்ளத்தில் மூழ்கிய புல்லின்மேல் படிந்த வண்டலை உலருமுன் நல்ல நீரால் கழுவ வேண்டும். மண் மிதிக்கத்தக்கதாகும்வரை அதன்மேல் நடக்கலாகாது; உரமும் இடலாகாது. அறுகு தரைக்குள்ளும் தண்டு ஓடும் புல். மேலே செத்ததுபோல் தோன்றினாலும், தண்டு உயிரோடிருந்தால் தை மாத வெயிலில் தளிர்க்கும். ஆகவே பெயர்த்தெறியுமுன் சுரண்டிப் பார்க்க வேண்டும். தண்டு வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் காத்திருக்கலாம்.

சுருங்கச் சொன்னால், முதலில் ஓரத்தைப் பார்த்து நோயின் பெயரை அறிய வேண்டும். அதன்பின் நீர், வெயில், உரம் மூன்றையும் சீர்செய்ய வேண்டும். அதற்கும் அடங்காத நோய்க்கே மருந்தை நாட வேண்டும். இவ்வரிசையை மாற்றாத அன்பர்களில் பெரும்பாலோருக்கு மருந்துக் கடைக்குப் போகும் அவசியம் நேராது. இந்தப் பருவத்தில் அவர்கள் வாங்க வேண்டியவை நான்கு குச்சிகளே; அவையும் வேலியில் கிடைக்கும்.